வடசென்னையில் உடல்நலத்துக்கு ஒரு சமுதாய வானொலி நிகழ்ச்சி: தெருவில் நடப்பதிலிருந்து ஒலிபரப்பு வரை

ரேடியோவில் உடல்நல நிகழ்ச்சி நடத்தலாம் என்று கிளம்புகிற எல்லோரும் முதலில் கேட்பது, "லைசென்ஸுக்கு எவ்வளவு ஆகும், டவரை எந்த மொட்டை மாடியில் வைக்கலாம்" என்பதைத்தான். நானும் அப்படித்தான் கிளம்பினேன். அதெல்லாம் பாதி வழியில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ பத்துக்குப் பத்து வீட்டில் இருக்கிற ஒருத்தர் உங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு எழுந்து போய் ஒரு காரியம் செய்தாரா இல்லையா, அதுதான் கணக்கு. காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனைக்குப் போனார், டிரம்மைக் கவிழ்த்துக் கழுவினார், வயிற்றுப்போக்குக்கான உப்புக்கரைசல் பாக்கெட்டைச் சரியான அளவில் கலக்கினார், இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு காரியம். மூன்று காரியம் சொன்னால் ஒன்றுகூட நடக்காது.

முதலில் மைக் இல்லாமல் நடங்கள்

இரண்டு வாரமாவது ரெக்கார்டரை வீட்டில் வைத்துவிட்டு சும்மா போய் உட்காருங்கள். லாரித் தண்ணீர் வரும் முனை, ரேஷன் கடை வரிசை, மெடிக்கல் ஷாப் வாசல், கேரம் போர்டு போட்டிருக்கிற இடம். "உங்க பகுதியில என்ன சுகாதாரப் பிரச்சினை?" என்று கேட்டால் எல்லோரும் "சாக்கடை" என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அதை வைத்து நிகழ்ச்சி செய்ய முடியாது. "போன தடவை வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, முதலில் யாரிடம் காட்டினீர்கள், எவ்வளவு செலவானது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை" என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்கு. அந்தக் கடைக்காரரைப் பகைத்துக்கொண்டு உங்கள் நிகழ்ச்சி ஓடாது, அவரை இப்போதே பழக்கம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, யாருக்கு எப்போது காது சும்மா இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும், அங்கே மீன் எடுத்துக் கூடையோடு கிளம்புகிற பெண்களுக்கு மத்தியானத்துக்குமேல்தான் மூச்சு விட நேரம். தூய்மைப் பணியாளர்கள் காலையிலேயே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு வீட்டுக்கு நடுவே நடந்து போகிற நேரத்தில் கேட்பார்கள். சாயங்காலம் 7 மணிக்குமேல் சீரியலோடு போட்டி போட நினைக்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, விசைப்படகுக்குப் போகிற ஆண்கள் வீட்டில் இருக்கிற ஒரே நீண்ட காலம் அது. ரத்த அழுத்தம், சர்க்கரை, குடி, காசநோய் என்று ஆண்களுக்கான தொடரை எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

மொழியையும் பாருங்கள். மணலி, மாதவரம் பக்கம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பெனி ஷெட்டில் தங்கியிருக்கிறவர்கள் நிறைய. தெலுங்கு, உருது பேசுகிற குடும்பங்களும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் செய்ய முடியாது, சரி. ஆனால் "இரண்டு வாரத்துக்குமேல் இருமலா, பரிசோதனை இலவசம்" என்ற ஒரு வரியை இந்தியிலும் ஒடியாவிலும் அவர்களில் ஒருவரையே சொல்லவைத்துப் பதிவு செய்ய அரை மணி நேரம் போதும்.

எந்த வழியாகக் காதுக்குப் போவது

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, சொந்தமாக சமுதாய வானொலி நிலையம், அதாவது ஒரு பகுதி மக்களுக்காக அங்கேயே நடக்கிற சின்ன எஃப்.எம். இந்தியாவில் 2002-ல் கல்வி நிறுவனங்களுக்கு இதைத் திறந்துவிட்டார்கள். நாட்டின் முதல் நிலையம் நம்ம ஊரில்தான், 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். 90.4 தொடங்கியது. 2006-ல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. பதிவு செய்து குறைந்தது மூன்று ஆண்டு ஆன அமைப்பாக இருக்க வேண்டும், தனிநபருக்குக் கிடையாது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, பல துறைகளின் ஒப்புதல் வாங்கி, ஒப்பந்தம் போட்டு, அதற்குப் பிறகு அலைவரிசை. பொறுமை வேண்டும். பொதுவாகக் கிடைப்பது 100 வாட் சக்தி, ஆன்டெனா உயரம் 30 மீட்டருக்குள். ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் வரை எட்டும் என்பார்கள், ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கு நடுவே அது இன்னும் சுருங்கும். கடல் பக்கம் மறைப்பு இல்லாததால் கரையோரம் ஃபைபர் படகில் இருப்பவர்களுக்கு நன்றாகவே கேட்கும்.

இரண்டாவது, ஏற்கெனவே அனுமதி பெற்று நடக்கிற நிலையத்தில் வாரம் அரை மணி நேரம் கேட்டு வாங்குவது. சமுதாய வானொலி ஒலிபரப்பில் குறைந்தது பாதியாவது உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் நல்ல உள்ளூர் நிகழ்ச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களுக்கும் லாபம்தான். மூன்றாவது, அலைவரிசையே இல்லாமல் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவது: சங்கக் கூட்டத்தில், மருத்துவ முகாம் வரிசையில், ஷேர் ஆட்டோவில், வாட்ஸப் குரூப்பில். என்னைக் கேட்டால் மூன்றாவதில் தொடங்கி, இரண்டாவதுக்குப் போய், மூன்று நான்கு வருஷம் தாக்குப்பிடித்தால் முதலாவதைப் பற்றி யோசியுங்கள். இப்போது பாதிப் போன்களில் எஃப்.எம். ரேடியோவே வருவதில்லை, வருகிற போனிலும் இயர்போன் ஒயரைச் செருகினால்தான் ஆன்டெனா. ஐந்நூறு ரூபாய் புளூடூத் ஸ்பீக்கரைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து கேட்பது காற்றில் போகிற ஒலிபரப்பைவிட எத்தனையோ மேல், ஏனென்றால் முடிந்ததும் பேசுவார்கள். ஆன்லைனில் விற்கிற குட்டி டிரான்ஸ்மிட்டரை வாங்கி நீங்களே ஒலிபரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது சட்டவிரோதம்.

சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே போடலாம். இதைக் கேட்டு நிறையப் பேர் பயந்துபோய் வெள்ள எச்சரிக்கையைக்கூடப் போடாமல் விடுகிறார்கள். உள்ளாட்சி நிர்வாகம் கொடுக்கிற சுகாதார எச்சரிக்கை, புயல், மின்தடை, தண்ணீர் வருகிற நேரம் இதெல்லாம் செய்தியாகக் கருதப்படாது, தாராளமாகச் சொல்லலாம். ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆட்கள்

ஐந்து பேர் போதும். குரல் நன்றாக இருக்கிறவரைத் தேடாதீர்கள், தெருவில் நாலு பேர் நின்று பேசுகிற ஆளைத் தேடுங்கள். தெலங்கானாவில் மாச்சனூர் என்ற கிராமத்தில் 2008-லிருந்து சங்கம் ரேடியோ நடக்கிறது, நடத்துவது தலித் பெண்கள். பாம்பனில் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காகவே ஓடுகிறது. இரண்டிலும் பேசுவது அந்த ஊர்ப் பேச்சுத்தான். நம்ம ஆட்களுக்கு மைக்கைப் பார்த்ததும் "அன்பார்ந்த நேயர்களே" வந்துவிடும். ஒரு வாரம் அதை அடித்து விரட்ட வேண்டியிருக்கும்.

ஐவரில் ஒருவர் சரிபார்ப்பவர். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், ஓய்வுபெற்ற மருத்துவர், யாரோ ஒருவர் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டையும் படித்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு. மாத்திரைப் பெயரும் அளவும் ரேடியோவில் வரவே கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தோம். விதிவிலக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் மட்டும்.

சரிபார்ப்பது மருத்துவத் தகவலை மட்டும் என்று நினைத்து நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள் பற்றி ஒரு நிகழ்ச்சி. நாள், நேரம் எல்லாம் ஒரு பழைய நோட்டீஸிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டேன். அந்த மையத்தில் நாளை மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது, வாசலில்கூட எழுதவில்லை. ஆறு பெண்கள் காலையில் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒருத்தி அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டுப் போனவள். மறுவாரம் மன்னிப்புக் கேட்டுச் சரியான நாளைச் சொன்னோம், அவள் மட்டும் அதற்கப்புறம் எங்கள் கூட்டத்துக்கு வரவே இல்லை. அதிலிருந்து, இடமும் நேரமும் சொல்கிற எதையும் ஒலிபரப்புக்கு முந்தின நாள் யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். எந்த வாசல், எந்த ரூம், ஆதார் கேட்கிறார்களா, டோக்கன் எத்தனை மணிக்கு முடிகிறது. "அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும்" என்ற வாக்கியத்தை உங்கள் ஸ்கிரிப்ட்டிலிருந்து இன்றைக்கே அடித்துவிடுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் முதல்முறை நுழைகிறவருக்கு எங்கே சீட்டு வாங்குவது என்பதே பெரிய பாடு.

ஸ்கிரிப்ட்: ஒரு பாக்கெட்டின் கதை

பதினைந்து நிமிஷத்துக்குமேல் வேண்டாம். ஒரு கானா பாட்டின் இரண்டு சரணம், அதுவும் தெருப்பையனே கட்டிப் பாடியது, ஒரு சின்ன உரையாடல், ஒரு நர்ஸின் பதில், கடைசியில் அந்த ஒரு காரியம் இரண்டு தடவை. உரையாடல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வயிற்றுப்போக்கு நிகழ்ச்சியையே சொல்கிறேன். கடையில் கிடைக்கிற பெரிய உப்புக்கரைசல் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். உப்பு ஏறிப்போய்க் குழந்தைக்கு இன்னும் மோசமாகும். அல்லது இரண்டு வாய் குடித்துவிட்டுத் துப்பிவிடும், "எம்புள்ளைக்கு அது ஒத்துக்கல" என்று அம்மாவும் விட்டுவிடுவாள்.

பின்னணியில் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"இன்னாடி, புள்ளைக்கு வவுத்தால போவுதுன்னியே, நின்னுச்சா?"

"எங்கக்கா. பாக்கெட் வாங்கியாந்து ஒரு டம்ளர்ல கலக்கிக் குட்த்தேன், வாயிலயே வைக்க மாட்டுது."

"ஒரு டம்ளர்லயா? முழு பாக்கெட்டா? நீ குட்ச்சிப் பாத்தியா?"

"நா எதுக்குக்கா குடிக்கணும்?"

"கடல் தண்ணி மாரி இருந்துருக்கும்டி. தோ, இந்தத் தண்ணி பாட்டில் ஒரு லிட்டர். இது முழுக்க, கொதிச்சி ஆற வெச்ச தண்ணி. முழு பாக்கெட்டும் இதுலதான். கலக்கிட்டு மொதல்ல நீ ஒரு வாய் குடி. கண்ணீர விட உப்பா இருந்தா புள்ளைக்குக் குடுக்காத."

அந்தக் கடைசி வரியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு நர்ஸம்மா. ஒரு லிட்டர் என்றால் ஆளுக்கொரு அளவு நினைப்பார்கள், கண்ணீர் உப்பு எல்லோருக்கும் தெரியும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு டீஸ்பூனில் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. இதை இரண்டு தடவை சொல்லுங்கள், சொல்லும்போது ஸ்பூன் பாத்திரத்தில் படுகிற சத்தம் ஆறு முறை கேட்கட்டும். கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழி விழுந்தாலோ, குழந்தை குடிக்க முடியாமல் துவண்டு போனாலோ 108. இதற்குமேல் அந்த நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை வேண்டாம். கைகழுவுவது, கொசு, கீரை எல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

டெங்குவுக்கும் இதே கதைதான். "சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருங்கள்" என்பது யாருக்கும் ஏறாது. அந்தக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும், முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். லாரி தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்காமல் இந்தப் பக்கம் யாரால் வாழ முடியும்? அதனால் தண்ணீரைத் தேக்காதே என்று சொல்லாதீர்கள், வாரத்தில் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து உள்பக்கம் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கருவாட்டை விடு என்று சொன்னால் காசிமேட்டில் உங்களை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவு, குழம்பில் தனியாக உப்புப் போடாதே, வாரத்துக்கு எத்தனை நாள் என்று குறை. இந்த அளவுக்குப் பேரம் பேசலாம்.

காசநோய்த் தொடர்: இதற்கு அதிகம் உழையுங்கள்

நெருக்கமான வீடு, ஜன்னல் இல்லாத அறை, சாப்பாடு குறைவு, பீடி, குடி. காசநோய்க்கு வேண்டிய எல்லாமும் இங்கே இருக்கிறது. இதை ஒரே நிகழ்ச்சியில் முடிக்க முடியாது, எட்டு வாரத் தொடராகப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் "இரண்டு வாரத்துக்குமேல் இருமல்" மட்டும். பிறகு சளி எப்படி எடுத்துக் கொடுப்பது, ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "ஒண்ணுமில்லன்னு வந்துச்சு" என்று நிம்மதியாக இருப்பார்கள். அப்புறம் ஆறு மாதம் மாத்திரை, இரண்டாவது மாதம் உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிற பழக்கம், இதற்கு மட்டும் இரண்டு வாரம். சாப்பாட்டுக்காக அரசு கொடுக்கிற உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய், அது வர வங்கிக் கணக்கு வேண்டும், கணக்கே இல்லாதவர் என்ன செய்வது என்று ஒரு வாரம்.

ஒரு வாரம் முழுக்க தட்டு டம்ளருக்குக் கொடுங்கள். நோய் காற்றில் பரவுவது, தட்டில் இல்லை. ஆனால் முதலில் நடப்பது தட்டைத் தனியாக வைப்பதுதான், மருமகளாக இருந்தால் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். இதற்கு ஒரு நல்ல கதை நம்மிடமே இருக்கிறது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அதுவரை காசநோய் என்றால் சானடோரியம் எனப்படும் காசநோய் ஆஸ்பத்திரியில் போட்டுவிட வேண்டும் என்றுதான் உலகமே நினைத்தது. இங்கே ஒரு பாதி நோயாளிகளை சானடோரியத்திலும், இன்னொரு பாதியை அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வெளியான முடிவு: வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்த வீட்டாருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் தெரிந்தது. உலகம் முழுக்க சானடோரியங்களை மூடவைத்த பாடத்தை மெட்ராஸ் ஏழைகளின் வீடுகள்தான் சொல்லிக்கொடுத்தன. இதை ஒரு பாட்டி பேரனுக்குச் சொல்கிற மாதிரி எழுதிப் போட்டுப் பாருங்கள்.

குணமானவரைப் பேசவைக்க ஆசை வரும், பேசவைக்கவும் வேண்டும். ஆனால் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். டிவியில் முகத்தை மறைத்தால் சரி, தெரு ரேடியோவில் குரல்தான் முகம். "தோ, மூணாவது பிளாக் ஆயா பேசுது" என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அவரே பெயரோடு பேசுகிறேன் என்றால் சரி, அப்போதும் பதிவை முதலில் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் போட்டுக்காட்டுங்கள், ஒரு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். கொஞ்சம் தயங்கினாலும் வார்த்தைகளை அப்படியே எழுதி, வேறு பேட்டையைச் சேர்ந்த ஒருவரை வைத்துப் பேசவையுங்கள். எச்.ஐ.வி. விஷயத்தில் இது சட்டமே: ஒருவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்வது 2017-ஆம் ஆண்டு சட்டப்படி கூடாது.

பதிவு செய்வது

சாதாரண போனும் ஒரு காலர் மைக்கும் போதும். தகர ஷீட் வீட்டில் எதிரொலிக்கும், சுற்றிலும் போர்வை தொங்கவிடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். கும்மிடிப்பூண்டி லோக்கல் வண்டி போகிற சத்தம் விழுந்தால் நிறுத்திவிட்டு மறுபடி பேசுங்கள், ஆனால் தெருச் சத்தம் முழுவதையும் துடைத்து எடுக்காதீர்கள். ஆடாசிட்டி இலவச மென்பொருள், வெட்டி ஒட்டப் பள்ளிக்கூடப் பையன் ஒரு நாளில் கற்றுக்கொள்வான். டாக்டர் பேட்டி எடுக்கும்போது அவர் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னால் வெட்கப்படாமல் "அப்படின்னா என்ன சார்?" என்று மைக்கிலேயே கேளுங்கள். கேட்கிறவருக்கும் அதே கேள்விதான்.

அவசரத்துக்கு முன்பே பதிவு செய்து வையுங்கள்

2023 டிசம்பர் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளம், கூடவே எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவு, மாதக் கடைசியில் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா வாயுக் கசிவு. தூக்கத்தில் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாமல் ஓடினார்கள். அந்த நேரத்தில் ஸ்கிரிப்ட் எழுத முடியாது. அமோனியா தண்ணீரில் கரையும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடு, வாயு போகிற திசையிலேயே நேராக ஓடாதே, காற்றுக்குக் குறுக்கே விலகிப் போ, கண் எரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இரு. இதை நாற்பது நொடிப் பதிவாக இன்றைக்கே செய்து எல்லோர் போனிலும் வைத்துவிடுங்கள். வெள்ளத்துக்கும் அதே மாதிரி ஒன்று: தண்ணீரில் கால் வைத்தவருக்குப் புண் இருந்து, சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்காமல் நேரே ஆஸ்பத்திரி. மின்சாரமும் டவரும் போய்விட்டால் வாட்ஸப் கிடையாது, சார்ஜ் ஏற்றிய ஸ்பீக்கரோடு ஒரு மீன்பாடி வண்டியோ ஆட்டோவோ யாருடையது என்று முன்பே பேசி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை ஒத்திகை.

காசு

சொந்த நிலையம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம் விளம்பரம் போடலாம், அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 74 ரூபாய் என்று 2024-ல் வைத்தார்கள். அதற்கு முன் 7 நிமிஷம், 52 ரூபாய். பெரிய பணம் வராது. உங்களைத் தேடி முதலில் வருகிற உள்ளூர் விளம்பரதாரர் பெரும்பாலும் "சர்க்கரை நோய் 48 நாளில் அடியோடு குணம்" என்கிற ஆளாகத்தான் இருப்பார், நல்ல பணமும் கொடுப்பார். வாங்காதீர்கள். 1954-லிருந்தே அதற்கென்று சட்டம் இருக்கிறது. அந்த ஒரு விளம்பரம் போட்ட அன்றே உங்கள் நர்ஸும் டாக்டரும் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிடுவார்கள். துணிக்கடை, டியூஷன் சென்டர், கேட்டரிங் அக்கா, கடற்கரைப் பக்கம் பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடை, இவர்களிடம் சின்னச் சின்னதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை நடந்ததா என்று பார்ப்பது

"நிகழ்ச்சி எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பரா இருந்துச்சுப்பா" என்பார்கள். அந்தப் பதிலால் பிரயோஜனம் இல்லை. நிகழ்ச்சிக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் மெடிக்கல் ஷாப்பில் எத்தனை பாக்கெட் போனது என்று கேளுங்கள், முன்பே பழக்கம் செய்துகொள்ளச் சொன்னது இதற்கும்தான். சளிப் பரிசோதனை நிகழ்ச்சி என்றால், அங்கே போகிறவர்கள் "ரேடியோ சொல்லிச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், நர்ஸிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். மிஸ்டு கால் நம்பர் ஒன்று வைத்து, கூப்பிட்டவர்களைச் சனிக்கிழமை திருப்பிக் கூப்பிட்டு, நிகழ்ச்சியில் சொன்ன அந்த ஒரு காரியம் என்னவென்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பத்துப் பேரில் ஆறு பேராவது சரியாகச் சொல்லவில்லை என்றால் அதே நிகழ்ச்சியை மாற்றி எழுதி மறுவாரமும் போடுங்கள். எங்கள் டிரம் நிகழ்ச்சியை நான்கு தடவை மாற்றினோம். மூன்றாவது தடவை வரைக்கும் பாதிப் பேர் "டிரம்மை மூடி வைக்கணும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்காவது தடவை வெறும் தேங்காய் நார் தேய்க்கிற சத்தத்தோடு நிகழ்ச்சியைத் தொடங்கினோம்.